மீளும் நெறி

விடைபெறுங்கால் ‘போகின்றேன்’ என்று கூறுதல் தமிழ்மக்கள் வழக்கன்று. ‘போய் வருகின்றேன்’ என்பதே வழக்காம். போதலைக் கூறும் வாய் வருதலையும் உடன் கூறி வைத்தல் வேண்டுமென்று முன்னோர் கருதினர் போலும். ஆயினும், போதற்கு வேண்டுவனவற்றை எண்ணுவாரே பலர். நாள் பார்ப்பர், பொழுது பார்ப்பர், கட்டுச்சோறு முதலாகக் கைவிளக்கு ஈறாக யாவும் மறவாது எடுத்து வைப்பர். மீளுங்காலத்தோ, கிடைத்த வண்டியில் ஏறி எத்துணை விரைவில் இயலுமோ அத்துணை விரைவில் இல்லஞ் சேர்தலே அவர்தம் நாட்டமாகின்றது. மீளுதற்கும் ஒரு நெறியுண்டென்பதும், அந்நெறி பிழைத்தார்க்கு உயிர்க்கே ஊறு நேர்தல் உண்டென்பதும் கடலின் அடியிற் சென்று மீள்வார்பால் நன்கு விளங்கும்.

உதகமண்டலத்தில் வாழும் அன்பர் ஒருவர், பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர்க்கு மகன் ஒருவனே. அவன் நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரிற் பொறியாளனாகப் பணிபுரிகின்றான். கடல் மூழ்குதலில் அவனுக்குப் பெரு வேட்கை உண்டு. மாசி மாதத்தில் விடுமுறை பெற்று வந்த அவன், மருத்துவர் ஒருவரைக் கொண்டு தந்தையின் உடல்நிலையை ஆராய்வித்து, ‘தகும்’ என்று அவர் கூறிய பின்னர், தந்தையை அந்தமானுக்கு அழைத்துச் சென்றான். முன்னர் ஹேவ்லாக் என வழங்கி, 2018-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற தீவிலே இருவரும் தங்கினர். நாடு பிரிவுற்ற பின்னர்க் கிழக்கு வங்காளத்தினின்று வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே மிகுதி. பர்மாவினின்று 1925-ஆம் ஆண்டு முதல் அந்தமானுக்கு வந்து வாழும் கரேன் மக்களிற் சிலரும் அங்கே படகோட்டுதலும் மூழ்கு பயிற்சியும் தொழிலாக உடையர். அவருள் ஒருவரே தந்தைக்குப் பயிற்றாசிரியராய் அமைந்தார்.

நீருள் உரையாடல் இல்லை. வாயிற் கவ்விய குழாய் வழியே முதுகிற் சுமந்த சிலிண்டரின் காற்றை உயிர்த்தலே ஆங்கு வாய்க்குரிய தொழில். பேசவேண்டுவன எல்லாம் கையாலே பேசப்படும். கட்டைவிரலும் சுட்டுவிரலுங் கூட்டி வட்டமாக்கினால் ‘நலம்’ என்பது பொருள். கட்டைவிரலை மேனோக்கி உயர்த்தினால் ‘மேலே செல்க’ என்பது பொருள். நிலத்திலே ‘நன்று’ எனக் காட்டுங் குறி அங்கே ‘மீள்க’ எனப் பொருள்படுகின்றது. ஒரு கையின் மூன்று விரல்களை நிமிர்த்தி, அவற்றின்மேல் மற்றொரு கையைக் கவிழ்த்து விரித்துப் பிடித்தால், ‘இவ்விடத்தே மூன்று மணித்துளி நிற்க’ என்பது பொருள். இக்குறிகளைக் கொண்டு தந்தையும் மகனும் ஐந்து நாளும் கைக்கெட்டும் அளவில் ஒருவர் அருகில் ஒருவராய் நீந்தினர். ஆமையொன்று பவளப்பாறையின் இடுக்கில் அசையாது கிடந்ததனை மகன் சுட்டிக் காட்டினான். மணலிற் புதைந்து கண் மட்டும் புறந்தோன்றக் கிடந்த திருக்கையைத் தந்தை சுட்டிக் காட்டினார். பல்லாண்டு தொலைபேசியிற் பேசியும் எய்தாத அணுக்கத்தைப் பேச்சொழிந்த அவ்வைந்து நாளில் இருவரும் எய்தினர். எனினும், மகன் நெஞ்சில் ஒரு செய்தி இருந்தது. அதனைக் கூறுதற்கே அவன் தந்தையை இத்துணைத் தொலைவு அழைத்து வந்தான். கூறமாட்டாமையினாலே நாள்தோறும் நீருள் இறங்கினான்.

இனி, நீருள் இறங்கினார் உடலில் நிகழ்வது யாதெனிற் கூறுதும். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குந்தோறும், நிலத்தின்மேல் வளிமண்டலம் உடலை அழுத்தும் அளவினதாகிய அழுத்தம் ஒன்று மேலுங் கூடுகின்றது. 20 மீட்டர் ஆழத்தில் உடல் மும்மடங்கு அழுத்தத்தைத் தாங்குகின்றது. உயிர்க்குங் காற்றும் அவ்வழுத்தத்திலேயே உட்புகுகின்றது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக இருப்பது நைட்ரஜன். நிலத்திலே அஃது உடம்பினுட் புக்கு ஒன்றுஞ் செய்யாது வெளிப்படும். அழுத்தம் மிக்கவிடத்தோ குருதியினுந் தசையினுங் கொழுப்பினும் மேன்மேலுங் கரைந்து தங்கிவிடுகின்றது. அங்ஙனந் தங்கியிருத்தல் மூழ்கினார்க்குச் சிறிதும் புலப்படுவதில்லை. துன்பம் எல்லாம் ஏறுங்காலத்தே உளது. கோலி சோடாப் புட்டியிற் கரைந்து கிடக்கும் வாயு, கோலி வாயை அடைத்திருக்குந்துணையும் கண்ணுக்குத் தோன்றாது. கோலியைத் தள்ளிய அப்பொழுதே நுரைத்துப் பொங்கும். அதுபோலவே, ஆழத்தினின்று விரைந்து மேலெழுவார் உடம்பினுள்ளும் கரைந்த வாயு குமிழிகளாய்த் திரள்கின்றது. குமிழி மூட்டுக்களிற் றங்கினாற் பொறுத்தற்கரிய நோவு. முதுகந்தண்டிற் றங்கினால் கால் செயலறும். நெஞ்சிலும் மூளையிலும் மிகுந்தால் உயிரே நீங்கும்.

இவ்வுண்மை மக்களுக்கு விளங்கப் பன்னெடுங்காலஞ் சென்றது. காற்றை வாங்கிய கலத்துள் வைத்த பாம்பொன்றின் கண்ணிலே குமிழி அசைந்ததனை இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் கண்டு 1670-ஆம் ஆண்டு எழுதி வைத்தார். ஆயினும் அதன் பயன் அக்காலத்தே விளங்கவில்லை. பின்னர், ஆற்றின் அடியிற் பாலங்களுக்குக் கால்கோள வேண்டி, அழுத்திய காற்று நிரப்பிய பெட்டகங்களைத் தாழ்த்தி, அவற்றினுள் மக்களை இறக்கி வேலை வாங்கினர். உள்ளே நலமாயிருந்தவர் வெளியேறிய சிறிது பொழுதில் நோவால் முடங்கினர், சிலர் இறந்துபட்டனர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலத்தை அமைத்த தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் என்பாரே 1872-ஆம் ஆண்டு இந்நோய்ப்பட்டார். அதன்பின் அவர் வீட்டிலிருந்தே பணியை நடத்த, அவர் மனைவியார் எமிலி கணவர் கருத்துக்களைப் பணியாளர்பாற் கொண்டு சென்று வந்தார். பாலம் 1883-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இந்நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்பதனைப் பிரான்சு நாட்டுப் பால் பேர் 1878-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினார். அதற்குத் தக்க ஒழுங்கை வகுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அவரும் உடன் ஆய்ந்த இருவரும் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்தனர்; விரைந்து வெளிப்படுத்திய ஆடுகள் நோவு தாங்காது முன்காலைத் தூக்கி நின்றன. ஆழத்தினின்று ஒரே ஓட்டமாய் எழாது, இடையிடையே நின்று நின்று எழவேண்டும் என்னும் நெறியை 1908-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். அவர்கள் கணித்த அளவுகள் பின்னர்ப் பலவாறு திருத்தமுற்றன. நெறி மட்டும் இன்றும் நிற்கின்றது.

அந்நெறிப்படியே இக்காலத்து மூழ்குவாரும் ஒரு மணித்துளிக்கு ஏறத்தாழ 9 மீட்டரின் மிகாது ஏறுகின்றனர். மேற்பரப்புக்கு 5 மீட்டர் கீழே மூன்று மணித்துளி நிற்கின்றனர். அவ்விடத்தே தலைக்குமேல் ஒளி தெரியும். படகின் அடி தெரியும். இரண்டு முறை காலை உதைத்தால் மேலே சேர்ந்துவிடலாம். ஆயினும் நிற்றல் வேண்டும். நின்று உயிர்த்துக்கொண்டிருத்தலையன்றி அங்கே செய்தற்கு யாதுமில்லை. கரைந்திருந்த வாயு மூச்சு மூச்சாக அமைதியிற் கழியும். தொடக்கத்திலே தந்தைக்கு அம்மூன்று மணித்துளியும் மூன்று நாழிகையாய்த் தோன்றின. ஐந்தாம் நாளில் அவையே அவர்க்கு உவப்பாயின.

நீரினின்று வெளிப்பட்ட பின்னரும் மீளுதல் முற்றுப்பெறுவதில்லை. வானூர்தியின் உட்பக்கத்துக் காற்றழுத்தம் தரையளவினதன்று. பறக்குங்கால் அது 8,000 அடி, அஃதாவது ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர்ந்த மலைமேலுள்ள அழுத்தம் வரை தாழ்தல் உண்டு. ஆகலின், எஞ்சிய வாயு உடலினின்று கழியுமுன் வானூர்தி ஏறுதல், நீரினின்று மீண்டும் ஒருமுறை விரைந்தெழுதலே யாகும். மூழ்குவார் நலம் பேணும் ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ என்னும் நிறுவனம் 2002-ஆம் ஆண்டு கூட்டிய ஆய்வரங்கில், ஒருமுறை மூழ்கினார் 12 மணி நேரமும், பன்னாள் பன்முறை மூழ்கினார் 18 மணி நேரமும் குறைந்த அளவாகக் காத்திருக்க வேண்டுமென்று வரையறுத்தனர். மலையேறுவார்க்கும் இஃதொக்கும். உதகையின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர்; அதனால் அவ்வன்பர்க்கு அவர்தம் இல்லமே ஒரு வானூர்தியின் உயரத்தில் இருந்தது.

இறுதிநாட் காலையில் இருவரும் மூழ்கி 11 மணிக்குக் கரை சேர்ந்தனர். மறுநாள் காலை 10 மணிக்கு வானூர்தி. அன்று பிற்பகலிற் புறப்படும் படகில் இரண்டு இடம் ஒழிந்திருந்தன. மகன் கணக்கிட்டான்: மாலை 5 மணிக்கு நீரினின்று எழுந்தாலும் இடையே 17 மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரமே குறை. ‘ஒரு மணியில் என்ன நேர்ந்துவிடும்?’ என்று அவன் பயிற்றாசிரியரை வினவினான். அவர் சிறிதும் வெகுளாது, ‘பெரும்பாலும் ஒன்றும் நேராது, நேர்ந்தால், வானின் நடுவே இறங்குதற்கு இடம் ஏது?’ என்று கூறி, இரண்டு சிலிண்டர்களையும் படகினின்று இறக்கி வைத்துவிட்டுச் சென்றார். அதன்மேற் சொல்லுதற்கு ஒன்றுமில்லை.

படகு சென்றது. கரையில் நின்ற இருவரும் நன்னீர்த் தொட்டியிற் கருவிகளை அலசினர். ரப்பர் உடையின் உப்புப் போக நீரைப் பன்முறை மாற்றினர்; முகக்கண்ணாடியைத் துடைத்து நிழலில் வைத்தனர். அவ்வேலையும் ஒரு மணியில் முடிந்தது. இனி மூழ்குதற்கில்லை, செய்தற்கு வேறு தொழிலும் இல்லை. இருவரும் தீவின் மேல்பாலுள்ள ராதாநகர்க் கடற்கரைக்குச் சென்று அமர்ந்தனர். அத்தீவுகள் சென்னைக்கு வெகுதொலைவு கிழக்கே உள்ளனவாயினும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுதலின், மாசி மாதத்தில் அங்கே ஐந்தரை மணிக்கு முன்பே கதிரவன் மறைகின்றான். ஒளி மஞ்சளாகிச் சிவக்கத் தொடங்கிய பொழுதிலே மகன் வாய் திறந்தான்.

‘அப்பா, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்.’

‘சொல், தம்பி.’

‘அங்கேயே நிலையாகத் தங்கிவிட எண்ணுகின்றேன். அதற்கு வேண்டும் விண்ணப்பமுங் கொடுத்துவிட்டேன். நீங்கள் உதகையில் தனியே இருத்தல் எனக்குப் பெருங் கவலையாயிருக்கின்றது. வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் அத்தை வீட்டருகே ஓர் இல்லம் பார்க்கலாம். நீங்கள் விரும்பினால் என்னோடும் வரலாம்.’

தந்தை மறுமொழி கூறவில்லை. கூறுதற்கு அவர்பாற் சொற்கள் இல்லாமலில்லை. அவ்வீடு மகனைத் தொட்டிலிலிட்ட வீடு. அதன் முற்றத்து ரோஜாச் செடிகள் அவர் மனைவி தங் கையால் வைத்தவை. பனிக்காலத்து இரவுகளில் அவற்றைச் சாக்கிட்டு மூடிக் காத்தவர் அவ்வம்மையார். இவை யாவும் ஒருங்கே எழுந்து நாவின் நுனியில் வந்து நின்றன. அவற்றுள் ஒன்று வெளிப்பட்டிருப்பினும் மகன் நெஞ்சு புண்ணாகியிருக்கும், மகனும் விடையிறுத்திருப்பான், அவ்விடை தந்தையின் நெஞ்சைப் புண்ணாக்கியிருக்கும். வீடுகள் பல உடைதற்கு அப்பொழுதே கூறிய மறுமொழியன்றோ காரணமாகின்றது! தந்தை சிறிதுபொழுது கடலை நோக்கியிருந்தார். பின்னர், இடக்கையின் மூன்று விரல்களை நிமிர்த்தி அவற்றின்மேல் வலக்கையைக் கவிழ்த்து விரித்துப் பிடித்தார். மகன் அதனை நோக்கினான், கண் கலங்கினான், தானும் கட்டைவிரலுஞ் சுட்டுவிரலுங் கூட்டி வட்டமாக்கிக் காட்டினான். இருட்டுந்துணையும் இருவரும் வாளா இருந்தனர்.

மறுநாள் விடியற்காலையிற் கப்பலேறினர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், போர்ட் பிளேர் என வழங்கி 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரை அடைந்தனர். அங்கிருந்து சென்னைக்குக் கடல்மேல் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். கப்பலிற் செல்வார்க்கு மூன்று நாளளவு செல்லும். வானூர்தி இரண்டேகால் மணியிற் கொண்டு சேர்க்கின்றது. சாளரத்தின் வழியே தந்தை கீழே நோக்கினார். முந்தை நாள் தாம் உள்ளிருந்த நீர், இப்பொழுது மடிப்புக் கலையாத நீலப் பட்டாய்த் தோன்றியது. மகன் அயர்ந்து உறங்கினான். செய்தியைச் சுமந்திருந்த நாள்களில் அவன் நன்கு உறங்கியதில்லை.

சென்னையிற் பகற்பொழுது கழிந்தது. நள்ளிரவிற்குமேல் மகனுக்கு வானூர்தி. இரவு 9 மணியளவில் தந்தைக்கு நீலகிரி விரைவுவண்டி. மத்திய நிலையம் வரை மகன் உடன் வந்து, தந்தையை இருக்கையில் அமர்த்திச் சாளரத்தின் கீழ் வந்து நின்றான்.

‘அப்பா, நீங்கள் இன்னும் ஒன்றுஞ் சொல்லவில்லையே.’

‘இன்னும் மேலே வந்து சேரவில்லை, தம்பி. சேர்ந்தபின் சொல்கின்றேன். உடம்பைப் பார்த்துக்கொள். போய் வா.’

‘போய் வருகின்றேன், அப்பா.’

வண்டி நகர்ந்தது. ‘வருகின்றேன்’ என்ற அச்சொல்லைத் தந்தை இரவெல்லாம் நெஞ்சிற் புரட்டிக்கொண்டிருந்தார்.

விடிந்தபின் மேட்டுப்பாளையம். அங்கிருந்து உதகைக்குப் பேருந்துகளும் உள. அவை விரைந்து ஏறும். அன்பர் மலைவண்டியிலே ஏறினார். அவ்விருப்புப்பாதை 1899-ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், ஹால்டேன் ஆய்வு வெளிவந்த அதே 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் திறக்கப்பெற்றது. 46 கிலோமீட்டர் செல்ல ஐந்து மணி நேரத்தளவு கொள்ளும். செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 அடி செல்ல ஓரடி உயர்தலின், வழுக்கி வீழாதவாறு தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்துள்ளனர். எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி ஏறும். ஒரு பல் பிடித்த பின்னரே அடுத்த பல் விடும். இடையிடையே வண்டி நின்று நீர் பிடிக்கும். பாக்குத் தோப்புக்கள் கீழே சென்றன, காடு வந்தது, பாறை வந்தது, பின்னர்த் தேயிலையின் பசுமை வந்தது. குளிர் சிறிது சிறிதாகக் கூடிற்று. ஒரேயடியாக வந்திருப்பின் நடுக்கும் குளிர், அங்ஙனம் வந்தமையின் உடலுக்குப் பழகிய ஒன்றாயிற்று.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைப் பூட்டுவர். அதுவரையில் வண்டி நிற்கும். கடற்கரையில் மகன் பேசி நாற்பது மணி நேரம் கழிந்திருந்தது. மகன் அப்பொழுது வானின்மேல் இருந்தான். அவன் இறங்கியவுடன் காணுமாறு தந்தை தொலைபேசியில் இவ்வாறு எழுதினார்:

‘தம்பி, நீ அங்கே தங்குதற்கு மனமார உடன்படுகின்றேன். என் பொருட்டு உன் வாழ்வைக் குறுக்கிக் கொள்ளாதே. வீட்டை இப்பொழுது விற்கவேண்டா. கால் தளரும் நாளில் நானே சொல்வேன். ஆண்டுக்கொருமுறை வா. வந்தால் இரண்டு நாளில் ஓடிப்போகாதே. சில நாள் தங்கிச் செல். அம்மாவின் ரோஜாக்கள் இவ்வாண்டு நன்கு பூத்துள்ளன என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள்.’

கடற்கரையில் எழுந்த சொற்களில் ஒன்றேனும் இதன்கண் இல்லை. அவை பொய்யான சொற்கள் அல்ல; கரைந்திருந்த துயரத்தின் குமிழிகள். அவற்றை அடக்கி வைத்தாருமல்லர் அவ்வன்பர். மூச்சு மூச்சாகக் கழிய விட்டார். கழிந்தபின் எஞ்சியது அன்பு ஒன்றேயாகலின் அதுவே சொல்லாயிற்று.

இவ்வுண்மையை முன்னோர் தம் வழக்கங்களில் அமைத்து வைத்தமை கருதத்தக்கது. சாவு நேர்ந்த வீட்டார் மறுநாளே பழைய வாழ்விற்கு மீள்வதில்லை. பால் தெளித்தல், பதினாறாம் நாள், ஆண்டுத் திதி என்று நிலைநிலையாய் மீள்கின்றனர். மகப்பேறுற்ற தாய் சில நாள் இருந்தே அடுக்களைக்கு மீள்கின்றாள். திருக்கோயிலிலும் பெருவிழா முடிந்த அன்றே யாவும் முன்போலாவதில்லை. விடையாற்றி என ஒன்று உண்டு. விரைவையே ஆற்றலாகக் கருதும் இக்காலத்தார்க்கு இவை வீண்காலப் போக்காய்த் தோன்றுதல் கூடும். எத்துணை ஆழஞ் சென்றாய் என்றே உலகம் மூழ்கினாரை வினவும். மூழ்குவார் தம்முள் வினவுவதோ, எங்ஙனம் மீண்டாய் என்பதே.

நண்பகலில் வண்டி உதகையை அடைந்தது. அன்பர் தம் பெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு, மேட்டுவழியே இளைப்பாறி இளைப்பாறி நடந்து வீடு சேர்ந்தார்; கதவைத் திறக்குமுன், முற்றத்துச் செடிகளுக்கு நீர் வார்த்தார்.